கடைக்கார நாய்க்கு மட்டும் சாவு கிடையாது

பன்றிகளுக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு தலையை நம் பக்கம் சாய்க்கும். நான் சொல்வது விளையாட்டில் வருகிற பன்றிகளை, மேடம். நிஜப் பன்றிகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவை என்னிடம் வந்து சேரும்போது சொறிந்துவிட நேரம் இருப்பதில்லை.

இறைச்சி ஆலையில் வேலை. அயோவாவில் சூ சிட்டிக்கு வடக்கே எங்கள் ஊரில் வேறு பிழைப்பு கிடையாது. ஆலைக்குப் பன்றி வளர்க்கலாம், இல்லை ஆலையில் பன்றி வெட்டலாம், இரண்டும் முடியாதவர்கள் போதகர் ஆகிவிடுவார்கள். என் அப்பா அதே ஆலையில் நின்றுதான் முதுகைத் தொலைத்தார். பன்றிகளை வரிசையாக நகர்த்திப் போகும் சங்கிலி ஒன்று உண்டு, நான் நிற்பது அதன் தொடக்கத்தில். மயக்கம் கொடுத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு அனுப்புவார்கள். கழுத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு தடவை. பிறகு அடுத்தது. வெண்டல் ஹூக்ஸ்ட்ரா கை வைத்தால் இரண்டாம் தடவைக்கு வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் புதிய ஆட்களிடம் சொல்வார். இத்தனை வருடத்தில் ஆலை எனக்குக் கொடுத்த பட்டம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து குளித்து, கணினியைத் திறந்து, பன்றி வளர்ப்பேன். சிரிக்கலாம், மேடம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

விளையாட்டின் பெயர் க்ளோவர் பண்ணை. ஒரு கிராமம், ஓர் ஓடை, வாசலில் நாய் படுத்திருக்கும் ஒரு கடை, ஆளுக்கொரு நிலம். எதையும் கொல்லத் தேவையில்லை. பால், முட்டை, ஆப்பிள் விற்றே காலத்தை ஓட்டலாம். பன்றி எதற்கென்றால், காட்டில் காளான் மோப்பம் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் உங்கள் பின்னாலேயே நடந்து வரும். என் பன்றியின் பெயர் மேபல். மனைவி என்னை விட்டுப் போன குளிர்காலத்தில் குட்டியாக வாங்கினேன். மனைவி போனது மினியாபோலிசுக்கு. நீங்கள் வேறு எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இந்த விளையாட்டைச் செய்தவள் ஜோலின் நோவாசெக். ஓமஹாவில், தன் வீட்டுக் கார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து தொடங்கினாள். பிறகு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாள். நல்ல வேலைக்காரி. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. இந்த ஆகஸ்டில் ஓர் அப்டேட் வந்தது. அதில் புதிதாக இரண்டு வகைப் பூசணி, ஓடைக்கு ஒரு பாலம், அப்புறம் சாவு. அந்த வரிசையில்தான் அறிவித்திருந்தாள். விலங்குகளுக்கு இனி வயதாகும். மூக்கு நரைக்கும். ஏதோ ஒரு குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விடும், ஆப்பிள் மரத்தடியில் புதைத்துக்கொள்ளலாம். ஒருநாள் இழந்துவிடுவோம் என்று தெரிந்தால்தான் அருமை தெரியும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு. சாவைப் பற்றி எனக்கு ஓமஹாவில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி வகுப்பு எடுக்கிறாள்.

மேபல் இந்தக் கிறிஸ்துமஸைத் தாண்டாது என்று தெரிந்தது. விஷயம் அவ்வளவுதான். அது சாகக் கூடாது என்று நினைத்தேன். மற்றதெல்லாம் அந்த ஒன்றுக்காகச் செய்தது.

முதலில் மரியாதையாக எழுதினேன். நீங்களே படித்திருப்பீர்கள், ஒரு தகாத வார்த்தை இருக்காது. அவளும் பதில் போட்டாள். "உங்க வருத்தம் புரியுது வெண்டல். என் நாய்க்கும் வயசாயிடுச்சு, அதப் பாத்துத்தான் இது தோணிச்சு. மேபலோட இன்னும் நல்ல நாள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அத சந்தோஷமா கழிங்க." கொஞ்ச நாள் மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தால் உங்கள் போலீஸ் துறையில் அதற்கு மிரட்டல் என்றுதானே பெயர்?

அதன் பிறகுதான் குழு ஆரம்பித்தேன். 'மேபலின் நண்பர்கள்'. அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நாங்கள் ஒரு நாற்பது பேர். மற்றவர்களுக்குப் பாலம் பிடித்திருந்தது, பூசணி பிடித்திருந்தது, சிலர் அந்தச் சாவைப் பார்த்து அழுது அதையும் பிடித்திருக்கிறது என்று எழுதினார்கள். திருப்தியாக இருக்கிறவர்களிடம் ஒரு குறை உண்டு, மேடம். அவர்கள் ஒரு தடவை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நாற்பது பேர் தூங்காமல் இருந்தால் போதும். "பகைமை கொண்ட ஒரு சிறு கும்பல்" என்று ஜோலின் எங்களைப் பற்றி எழுதினாள். மனசு புண்பட்டது. கும்பலாம்.

குழுவில் ஒழுங்கு இருந்தது. கெட்ட வார்த்தை கூடாது என்பது நான் வைத்த விதி. ஒருவன் அவளைக் கொன்று போடுவேன் என்று, நடுவில் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து எழுதியிருந்தான். கெட்ட வார்த்தையை நீக்கிவிட்டேன்.

அவள் அலுவலகத்துக்குச் சவப்பெட்டிக்கு வைக்கிற மலர்வளையம் அனுப்பியது யார் என்று கேட்டீர்கள். நான் இல்லை. அது அழகாகவும் இல்லை என்று அப்போதே சொன்னேன். அவள் அம்மாவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தது மட்டும் நான். அவள் போட்டிருந்த ஒரு படத்தில் முதியோர் இல்லத்தின் வாழ்த்துப் பலகை தெரிந்தது, அதில் இல்லத்தின் பெயர் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன், கொடுத்தார்கள். அம்மா சொன்னால் மகள் கேட்பாள் என்று ஒரு நல்லெண்ணம். யாரோ கூப்பிட்டு, உங்கள் மகள் இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்னால் சந்தேகம் வரும். ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். ஜோலின் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தும், "நீ யாரும்மா? என் பொண்ணு போயிட்டாளே" என்றாளாம் அந்த அம்மாள். ஞாபக மறதி நோய் என்று பிறகு தெரிந்தது. நோய்க்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

இதே சமயத்தில் ஆலையில் சங்கிலியின் வேகத்தைக் கூட்டினார்கள். எனக்குப் பக்கத்து இடத்தில் நிற்கிறவர் எலாடியோ, குவாத்தமாலாக்காரர். இரவில் விரல்கள் மடங்கி மூடிக்கொள்கின்றன, காலையில் மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறாள் என்றார். சாப்பாட்டு இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் கைபேசியில் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"யோவ் வெண்டல், மேனேஜர்கிட்ட பேசப் போறோம். நீயும் வாயா."

"நான் எதுக்கு?"

"நீ உள்ளூர்க்காரன், வெள்ளக்காரன். உங்கப்பன் காலத்துலேர்ந்து இங்க நிக்கிற. நீ வாயத் தெறக்கவே வேணாம், சும்மா பின்னால வந்து நில்லு. நாங்க மட்டும் போனா, புடிக்கலன்னா ஊருக்குப் போங்கடான்னுதான் சொல்லுவான்."

"கம்பெனிக்குத் தெரியாதா எலாடியோ, எவ்வளவு வேகம் தாங்கும்னு?"

"அதென்ன அவ்ளோ மும்முரமா எழுதுற?"

காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது? படித்தார். ஆங்கிலம் நிதானமாகத்தான் படிப்பார்.

"பன்னிக்கா?" என்றார். "வெண்டல், காலைலேர்ந்து நீ கழுத்தறுத்தியே, அதெல்லாம் என்ன, வாத்தா?"

மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பொம்மப் பன்னிக்கு நாப்பது பேரக் கூட்டத் தெரியுது ஒனக்கு. எங்க கைக்கு ஒரு ஆளா வந்து நிக்கத் தெரியல. நல்லா இருய்யா."

ஆலை வேறு, இது வேறு. ஆலையில் எதிர்த்துப் பேசினால் வேலை போகும். ஜோலினை எதிர்த்தால் என்ன போகும்? அநியாயத்தைத் தட்டிக் கேட்பது என்று முடிவு செய்துவிட்டால், எங்கே கேட்க முடியுமோ அங்கேதான் கேட்க வேண்டும்.

இனி நாய்க்கு வருகிறேன். நீங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

குழுவில் 'இரும்புக்கரடி' என்று ஒருவர். டொலீடோவில் பல் மருத்துவர். ஒவ்வோர் அப்டேட் வந்ததும் விளையாட்டின் கோப்புகளைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று துருவுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அவரும் துருவினார். ஒரு சனிக்கிழமை எல்லோரும் குரல் அரட்டையில் இருந்தபோது அவர் இடையில் புகுந்தார்.

"மக்களே, ஒரு வரி கெடச்சிருக்கு. இந்த சாவு எல்லா மிருகத்துக்கும் உண்டு. ஒண்ணத் தவிர."

"எது?"

"கடைக்கார நாய். பிக்கிள். 'இவனை விட்டுவிடு'ன்னு தனியா ஒரு வரி போட்டு வச்சிருக்கா."

"அந்த நாய் யாரு தெரியுமா? அவளோட சொந்த நாய்! அவளோட வலைப்பக்கத்துல ஃபோட்டோ இருக்கு, அதே பேரு, அதே மூஞ்சி."

"அடிப்பாவி. நம்ம பன்னி சாகணும், இவ நாய் மட்டும் சிரஞ்சீவியா?"

"சட்டம் நமக்கு, சலுகை அவளுக்கு. எங்க பேங்க்ல கூட இப்படித்தான்."

"யாராச்சும் அந்த நிஜ நாய ஒரு வழி பண்ணினாத்தான் சரியா வரும்."

"வெண்டல் இருக்கான்ல. நம்மள்ல கத்தி புடிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

ரொம்ப நேரம் சிரித்தார்கள். குழுவில் பல் மருத்துவர் உண்டு, வங்கிக்காரர் உண்டு, டெக்சாஸில் ஞாயிறு பள்ளி நடத்துகிற அம்மாள் ஒருவர் உண்டு. கை அழுக்காகிற வேலை என்று வந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். பழக்கம்தான். என் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் திரும்பியிருக்கிறார்கள்.

வீட்டைக் கண்டுபிடித்தது அந்த ஞாயிறு பள்ளி அம்மாள். நாயின் படத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு தேவாலயக் கோபுரமும் தெரிந்தன. அவருக்கு அந்த மாதிரி புதிர்கள் பிடிக்கும். தெருப் பெயரோடு ஒரு சிரிப்பு முகமும் போட்டு அனுப்பினார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முற்பகல். நெடுஞ்சாலை காலியாக இருந்தது, சோளம் அறுத்து முடித்திருந்தார்கள். ஆலைக் கத்தியை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை நான் மீறினேன். அதற்கு உண்மையிலேயே வருந்துகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆலைக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

அவள் முன்புறம் இலை வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேலி. நாய் வெயிலில் படுத்திருந்தது. பழுப்பு நாய், முகம் முழுக்க வெளுத்துவிட்டது. எழுந்து வருவதற்குள் பின்னங்கால் இரண்டு தடவை மடங்கியது. வேலிக்குள்ளிருந்து மூக்கை நீட்டி என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

"இது யார்கிட்டயும் போகாதுங்க," என்றாள் ஜோலின். "உங்ககிட்ட மட்டும் என்ன, கறி வாசனையா?"

"ஆலையில வேலைங்க."

"அதானே பாத்தேன். இனிமே உங்கள விட்டு நகராது. என்ன வேணும் உங்களுக்கு?"

வண்டி சூடாகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வேலிப் பக்கம் வந்தாள். மெலிந்திருந்தாள். படத்தில் இருந்ததைவிட வயதாகத் தெரிந்தாள்.

"வயசாயிடுச்சு போல," என்றேன். நாயைச் சொன்னேன்.

"ஆமா, பிக்கிளுக்குக் காதும் கேக்காது. ஆனா பிரபலமான ஆளு. ஒரு விளையாட்டுல வர்றான், நான்தான் பண்ணேன். இவன் குலைச்சாத்தான் அங்க கடைக் கதவு தெறக்கும். விளையாட்டா அப்படி வச்சுத் தொலைச்சேன்."

"இவன் அதுல சாகவே மாட்டானாமே."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள் கவனிக்கவில்லை. களைத்த ஆள் எதையும் கவனிப்பதில்லை.

"அட, நீங்க வேற. இவனுக்கும் சேத்துத்தாங்க சாவு வச்சேன். இவன் செத்தா கதவத் தெறக்க நாதியில்ல, மொத்த விளையாட்டும் அப்படியே நின்னு போச்சு. அத மாத்தி எழுத எனக்கு சோம்பேறித்தனம். இவன விட்டுடுன்னு ஒரு வரியப் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். அதுக்கு என்னென்ன சொல்றாங்க தெரியுமா?"

"என்ன சொல்றாங்க?"

"சொல்ற மாதிரி இல்லைங்க. எங்கம்மாவுக்கு நான் செத்துட்டேன். இன்னமும் செத்தவதான். வாரா வாரம் போயி யாரோ மாதிரி பேசிட்டு வரேன்." குனிந்து நாயின் தலையைத் தடவினாள். "யாரோ என்னவோ. நேர்ல பாத்தா அவங்களும் உங்கள மாதிரி சாதாரண மனுஷங்களாத்தான் இருப்பாங்க."

இருக்கலாம் என்றேன்.

"அந்த சாவ எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுக்கத்தான் போறேன். திங்கக்கிழமை உக்காந்து எடுத்துடுவேன். என்னால முடியலங்க. அவங்களே ஜெயிச்சுட்டுப் போகட்டும். இருங்க, தண்ணி கொண்டாரேன். காபி குடிக்கிறீங்களா? போட்டது இருக்கு."

உள்ளே போனாள்.

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், மேடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஆமாம், காரணம் தெரிந்துவிட்டது. சலுகை இல்லை, சோம்பல்தான் என்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை மேபல் பிழைத்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை என்று ஆலையிலும்தான் சொல்வார்கள். எத்தனை திங்கட்கிழமை பார்த்திருக்கிறேன். அப்புறம், நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தேன். ஒரு விளக்கம் கிடைத்தது என்பதற்காகச் சங்கிலியை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தி நான் பார்த்ததில்லை. முன்னால் வந்துவிட்டால் செய்ய வேண்டியதுதான்.

கையை நீட்டினேன், நாய் வந்தது. என் தொழில் என்ன என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். இரண்டாம் தடவைக்கு வேலை இருக்கவில்லை. அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது. காது கேட்காத நாய், அது தன் சத்தத்தைக்கூடக் கேட்டிருக்காது. இந்த விஷயத்தில் நான் அவளைவிட நேர்மையானவன் என்றுகூடச் சொல்வேன். அவள் விளையாட்டில் விலங்குகளை நரைக்கவிட்டு, நடக்க முடியாமல் ஆக்கி, மாதக்கணக்கில் இழுத்துத்தானே சாகவிட்டாள்?

அவள் தண்ணீரோடு வெளியே வருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. சன்னலை ஏற்றியிருந்தேன். அப்படியும் அவள் குரல் கேட்டது.

வழியில் பெட்ரோல் போடும்போது குழுவுக்கு ஒரே வார்த்தை எழுதினேன்: "சமம்." ஒரு படமும் அனுப்பினேன். கைதட்டல் எதிர்பார்க்கவில்லை. நல்லது என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று நினைத்தேன். முதலில் எழுதியது இரும்புக்கரடி. "டேய் வெண்டல், என்னடா இது. நாங்க சும்மா சொன்னோம்டா." ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஞாயிறு பள்ளி அம்மாள் எனக்காக ஜெபிப்பதாக எழுதிவிட்டுப் போனார். உங்களுக்குத் தகவல் சொன்னது அந்தப் பல் மருத்துவர்தான் என்று தெரியும். படித்தவர்களுக்கு இந்த 'சும்மா' ஒரு வசதி. எங்கள் ஊரில் ஒரு வேலையைச் செய் என்று சொன்னால், செய் என்றுதான் அர்த்தம்.

அவ்வளவுதான். மறைக்க எதுவும் இல்லை. கத்தி வண்டியில் இருக்கையடியில் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன். நாயைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் வரும்போதே ஒன்று சொன்னீர்கள், அதை விட்டுவிட்டு என் விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். திங்கட்கிழமை அவள் உட்காரவில்லை என்றீர்கள். நேற்று சர்வரை மொத்தமாக நிறுத்திவிட்டாள், இனி க்ளோவர் பண்ணை கிடையாது என்றீர்கள். அந்த விளையாட்டில் எல்லோருடைய பண்ணையும் அவள் கணினியில்தான் இருந்தது, மேடம், எங்கள் கையில் எதுவும் இல்லை. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? லட்சக்கணக்கான பன்றிகள், மாடுகள், கோழிகள். ஒரே பொத்தானில். எந்த நோயும் இல்லாமல், கிறிஸ்துமஸ்கூட வராமல். மேபல் அந்த நேரம் தொழுவத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இன்னொரு தாள் எடுங்கள். அவள் மேல் நான் ஒரு புகார் கொடுக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு இத்தனை உயிரை எடுக்க எப்படித்தான் மனசு வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.